வெளுத்த நாக்கும் சிவப்புப் பொடியும்

மருந்து என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காமல் மருந்து விற்பதுதான் எங்கள் தொழில். டின்னின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் 'இது மருந்தல்ல' என்று அச்சடித்திருக்கும். முன்பக்கம் முழுக்க ஒரு சிவப்பு இதயம் வரைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியது நாங்கள். வீடு வீடாக எதையாவது விற்றவர்கள், மாதக் கடைசியில் டார்கெட்டுக்குக் குறைந்ததைச் சொந்தக்காரர் தலையில் கட்டியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி; கேரளாதான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ். படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஒரு சத்துப்பொடிக் கம்பெனியில் மூன்று வருஷம் ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். பொடிக்குள்ளே இருந்தது பீட்ரூட். நாங்கள் விற்றது நைட்ரிக் ஆக்சைடு. கிழக்குப் பாலக்காடு முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுவேன். மாதத்தில் ஒரு வாரம் பொள்ளாச்சி, உடுமலை வழியாக பஸ் பிடித்து மறையூர், காந்தலூர், மூணாறு என்று மலைக்குப் போவேன்.

ஒரு ரெண்டு கூடுதல்

பாலக்காட்டில் ஒரு லாட்ஜ் ஹாலில் எங்களுக்கு இரண்டு நாள் ட்ரெயினிங் நடந்தது. நடத்தியவர் ஏரியா மேனேஜர் விநோத் சார். கொச்சிக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார். தமிழும் அவருக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவர் சொன்ன விஷயம் இவ்வளவுதான். ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயுவைத் தானே தயாரிக்கிறது. அது சில விநாடிகள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் குழாயைச் சுற்றியிருக்கும் தசையிடம் 'கொஞ்சம் தளர்ந்துகொள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். குழாய் விரியும், ரத்தம் சுலபமாக ஓடும், பிரஷர் இறங்கும். வயசாக ஆக இந்தத் தயாரிப்பு குறையும். கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கும் ஒரு உப்பை நம் நாக்கில் குடியிருக்கும் கிருமிகள் மாற்றிக் கொடுத்தால், உடம்பு அதிலிருந்தும் கொஞ்சம் செய்துகொள்ளும்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்கு வந்த வினையே அதுதான். முழுப்பொய்யாக இருந்திருந்தால் முதல் நாளே எழுந்து வந்திருப்பேன்.

எல்லாம் சரி, ஆனால் திரையில் பெரிதாகப் போட்டிருந்த ஃபார்முலாவில் 'என்'னுக்குக் கீழே ஒரு சின்ன ரெண்டு இருந்தது. அது நைட்ரஸ் ஆக்சைடு. பல் பிடுங்கும் இடத்தில் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயு. நான் கையைத் தூக்கி, சார், இது வேறு வாயு என்று சொன்னேன். அச்சடித்து வந்த ஐயாயிரம் நோட்டீசிலும் அதேதான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. விநோத் சார் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சாரமில்லை, பரவால்லை சுதா, ஒரு ரெண்டுதானே கூடிப்போச்சு. கஸ்டமருக்கு எக்ஸ்ட்ரா கிடைச்சதா வெச்சுக்கலாம்."

தழைச்சத்து

என் முதல் வாடிக்கையாளர் சொந்த ஊரிலேயே இருந்தார். வேலுச்சாமி அண்ணன். ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. கம்பெனி எனக்கு ஒரு ரப்பர் குழாயும் ஒரு கிளிப்பும் கொடுத்திருந்தது. குழாயில் தண்ணீரை விட்டு கிளிப்பைப் போட்டால் சொட்டுச் சொட்டாக வரும். கிளிப்பை எடுத்தால் சீராக ஓடும். கிளிப்பை எடுக்கிற கைதான் நைட்ரிக் ஆக்சைடு என்று சொல்ல வேண்டும். தோப்பிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அண்ணன் ரொம்ப சிரத்தையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொள்கிறது, இந்தப் பொடியைக் கரைத்து விட்டால் அடைப்பு போகுமா என்று கேட்டார்.

இது மனுசருக்குங்க அண்ணா என்றேன். டின்னைக் கையில் வாங்கி, 'நைட்ரிக்' என்ற இடத்தில் விரலை வைத்து, நைட்ரஜன் என்றால் தழைச்சத்துதானே என்று கேட்டார். எனக்குக் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆகும் ஆசை அப்போதும் விட்டபாடில்லை. ஆமாங்க, அதே நைட்ரஜன்தான், ஆனால் கூட ஒரு ஆக்சிஜன் சேர்ந்து, என்று ஆரம்பித்தேன். அவர் டின்னை மெதுவாகக் கட்டில்மேல் வைத்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "ஏனுங்க அம்மணி, ரத்தத்துல யூரியா ஏறிக் கெடக்குது, கொறைங்கன்னு டாக்டரு சொல்லி இன்னும் ஒரு மாசம் ஆகலைங்க. இதுல நீங்க தழைச்சத்து வேற கொண்டாந்திருக்கறீங்க."

ஃப்ரெண்டுக்கு

ரத்தக்குழாய் தளர்ந்தால் உடம்பில் எங்கெங்கே ரத்தம் போகும் என்பதை ஆண்கள் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரபலமான மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றியது. அதற்கப்புறம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எனக்கு வந்த போன்களில் முக்கால்வாசி ஃப்ரெண்டுக்காக வந்தவை. யாருக்கும் தனக்கு வேண்டாம். எல்லோருக்கும் ஒரு ஃப்ரெண்டு இருந்தான், அவனுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு அசதியாக இருந்தது. பொம்பளை ரெப் என்று தெரிந்ததும் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். ஃப்ரெண்டுக்கு வயசு என்ன என்று கேட்டால், எனக்கும் அவனுக்கும் ஒரே வயசுதான் மேடம் என்பார்கள்.

அதில் ஒருவர் சித்தூரில் பர்னிச்சர் கடை வைத்திருந்தார். ஃப்ரெண்டு அவசரப்படுகிறான் என்று சொல்லி ஒரே நேரத்தில் இரண்டு டின் வாங்கிப் போனார். ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன்தான் என்று நான் சொன்னது ஃப்ரெண்டுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் காலை போன் வந்தது. பின்னணியில் நர்ஸ் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். பீட்ரூட் நிறையச் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார்: "ஃப்ரெண்டுக்கு ஒண்ணுக்குச் சிவப்பாப் போகுதுங்க மேடம், அதனால என்னை அட்மிட் பண்ணியிருக்காங்க."

வண்டு

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் வைத்தி மாமா என்று ஒருவர். பாங்கில் ரிட்டயர் ஆனவர். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பமாட்டார். பூதக்கண்ணாடி வைத்து டின்னின் பின்பக்கத்தை முழுசாகப் படித்த ஒரே வாடிக்கையாளர் என் சர்வீசில் அவர்தான். படித்துவிட்டு, மருந்தல்லன்னு போட்டிருக்கே, பின்னே எதுக்காக்கும் என்று கேட்டார். நான் விடவில்லை. ட்ரெயினிங்கில் கற்றதையெல்லாம் கொட்டினேன். மூக்கு வழியாக மூச்சு விட்டால் மூக்கைச் சுற்றிய குழிகளில் ஊறும் நைட்ரிக் ஆக்சைடு நுரையீரலுக்குப் போகும் என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினால் அது இன்னும் நிறைய வரும் என்றும் சொன்னேன். அதுவும் நிஜம்தான். அதைச் சொன்னால் பொடி எதற்கு என்று கேட்பாரே என்பது எனக்கு உறைக்கவில்லை. மாமா அதையே கேட்டார். டின் திரும்பி என் பைக்கு வந்தது.

பத்து நாள் கழித்து அந்தத் தெருவில் இன்னொரு வீட்டுக்குப் போனபோது மாமி என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். கூடத்தில் மாமா பத்மாசனத்தில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். அது சமையற்கட்டில் பாத்திரத்தில் எதிரொலித்தது. மாமியிடம் பாட்டு கிளாஸுக்கு வரும் குழந்தைகள் சுருதிப்பெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்களாம். மாமி என் பையைத் தானே திறந்து ஒரு டின்னை எடுத்துக்கொண்டாள். "பத்து நாளா ஆத்துக்குள்ள வண்டு பூந்தாப்பலே ஆக்கும். இதைக் குடிக்கற நாழியாவது சத்தம் நிக்குமோல்லியோ, குடுத்துட்டுப் போ கொழந்தே."

பிஸ்கட் அலமாரி

இந்தத் தொழிலில் எனக்குப் பயம் காட்டிய ஒரே ஆள் சுல்தான் பாய். கொல்லங்கோடு ரோட்டில் மெடிக்கல் ஷாப். அவருடைய அத்தா காலத்துக் கடை. நான் போனபோது ஒரு பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வாங்க வந்தவர். கூடவே, குரலைத் தாழ்த்தி, ஃப்ரெண்டுக்கு இன்னொரு மாத்திரையும் கேட்டார். சுல்தான் பாய் முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுக்க முடியாது என்றார். பெரியவர் முறைத்துக்கொண்டு போனார். அப்புறம் பாய் எனக்கு விளக்கினார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் மாறுகிறது. அந்த இன்னொரு மாத்திரை அதே வேலையை நீட்டி விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தரைக்கு இறங்கி ஆள் எழுந்திருக்க மாட்டான்.

என் பொடியை மருந்து அலமாரியில் வைக்கச் சொன்னேன். முடியாது என்றார். ரொம்பக் கெஞ்சியதில் பிஸ்கட்டுக்கும் குழந்தைகள் நாப்கினுக்கும் நடுவே இரண்டு டின்னுக்கு இடம் கொடுத்தார். அதற்கும், நெஞ்சுவலிக்காரர், கிட்னிக்காரர் யாருக்கும் தரமாட்டேன், கேட்டுத்தான் தருவேன் என்று நிபந்தனை. இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி விற்கும் பாய் என்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உன் பொடி வேலை செஞ்சா நான் பயப்படணும், வேலை செய்யலைன்னா நீ பயப்படணும். எதுக்கும்மா ரெண்டு பேருக்கும் இந்த வேலை?"

மாட்டுத் தீவனம்

காந்தலூரில் பீட்ரூட் விளைவிக்கிறவருக்கே பீட்ரூட் பொடி விற்ற பெருமை எனக்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடக்கவில்லை. ராசப்பன் என்ற அந்த விவசாயி கேரட், பூண்டு, பீட்ரூட் மூன்றும் போட்டிருந்தார். நான் போனபோது மழைத்தண்ணீரில் பீட்ரூட்டைக் கழுவி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெடித்தது, கோணலாக வளர்ந்தது, சின்னது எல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. லாரிக்காரன் உருண்டையாக இருப்பதைத்தான் எடுப்பானாம். நான் டின்னைத் திறந்து பொடியைக் காட்டினேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். இதில் ஒரு டின்னுக்கு எத்தனை பீட்ரூட் போகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, விநோத் சாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன். ரத்தக்குழாய் விரியும், மூச்சு வாங்காது, மேட்டில் ஏறும்போது கால் கடுக்காது. அவர் மனைவி கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ராசப்பன் அந்தக் கோணல் பீட்ரூட் குவியலைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் வேலியோரம் கட்டியிருந்த பசு அதைத்தான் சிவந்த வாயோடு தின்றுகொண்டிருந்தது. மாட்டைக் காட்டி அவர் சொன்னார்: "நம்ம மாட்டுக்கு இதுவரைக்கும் பிரஷரே வராததுக்குக் காரணம் இப்பத்தாம்மா வெளங்குது."

கலர் அட்டை

வியாபாரம் படுத்துவிட்டதும் கம்பெனி ஒரு காகிதப் பட்டையை அனுப்பியது. நாக்கில் வைத்து எடுத்தால் எச்சிலைப் பொறுத்து நிறம் மாறும். வெள்ளையாகவே இருந்தால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு வறட்சி. கரும் ரோஜா நிறம் வந்தால் அமோகம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கலர் அட்டை. பட்டையோடு பெரிய பாட்டிலில் வாய் கொப்பளிக்கும் மருந்தும் வந்தது. சுத்தத்துக்காக முதலில் எல்லோரையும் அதில் கொப்பளிக்க வைத்துவிட்டு அப்புறம்தான் பட்டையை வைக்க வேண்டும் என்று விநோத் சார் கண்டிப்பாகச் சொன்னார். நாக்கில் இருக்கும் கிருமிகள்தான் அந்த உப்பை மாற்றிக் கொடுக்கின்றன என்று முதல் நாளே சொன்னவர் அவர். அந்தக் கிருமியைக் கொன்றுவிட்டு, வாயையும் அலசிவிட்டு, பட்டையை வைத்தால் சிவப்பு எங்கிருந்து வரும்? பாலக்காட்டில் நடந்த முகாம்களில் எல்லோருக்கும் வெள்ளை. எல்லோரும் டின் வாங்கினார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மாதம்தான் எனக்கு முதல்முறையாக டார்கெட் முடிந்தது.

அப்புறம் மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில், ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் மன்ற ஹாலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முகாம் போட்டோம். விநோத் சாரே வந்திருந்தார். எங்களை இறக்கிவிட்ட ஜீப், கொப்பளிக்கும் பாட்டிலோடு அடுத்த டிவிஷனுக்குப் போய்விட்டது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் அப்படியே பட்டையை வைத்தோம். முதல் பெண்ணுக்குக் கரும் ரோஜா. இரண்டாவது பெண்ணுக்கும் அதே. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கையகல இடத்தில் கீரையும் முள்ளங்கியும் போட்டு, அதையே தினமும் கடைந்து தின்கிறவர்கள். அட்டையில் இருந்த கடைசிக் கலரைத் தாண்டிக்கூட ஒன்றிரண்டு பேருக்குப் போனது.

விநோத் சார் என் கையிலிருந்து பட்டைகளைப் பிடுங்கினார். பட்டையில் கோளாறு என்று காட்டுவதற்காகத் தன் நாக்கிலேயே ஒன்றை வைத்தார். அவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை வாய் கொப்பளிக்கிறவர். வாய் மணந்தால்தான் வியாபாரம் மணக்கும் என்பார். பட்டை சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வெளியே வந்தது. வரிசையில் முதலில் நின்ற மாரியம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கவலையாகச் சொன்னாள்: "சாருக்கு நாக்கு இம்புட்டு வெளுத்துக் கெடக்கே. நம்ம லயத்துல வந்து ரெண்டு நாளு கீரைச்சோறு தின்னுட்டுப் போகச் சொல்லு தாயி."

உடம்பு சொல்வது

அந்த அவமானத்தை விநோத் சாரால் விழுங்க முடியவில்லை. அடுத்த மாதம் அதே ஹால், அதே எஸ்டேட். இந்தத் தடவை பாட்டிலை அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேலைக்குப் போகாத பெரியவர்களை மட்டும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தோம். மாரியம்மாவின் வீட்டுக்காரர் செல்லத்துரை வந்தார். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். கொப்பளித்தார். பட்டையை வைத்தேன். வெள்ளை. என் பொண்டாட்டிக்கு ரோஜாக் கலர் வந்துச்சே, நாங்க ஒரே சட்டிச் சோறுதானே திங்கோம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் பாட்டிலில் இருந்தது. நான் சொல்லவில்லை. வயசானா அப்படித்தாங்க ஐயா என்று சொன்னேன். அவர் ஒரு டின் வாங்கிக்கொண்டு, இதைச் சாப்பிட்டா மாத்திரையும் சாப்பிடணுமா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குக் கம்பெனியில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்லக்கூடாது; சொன்னால் சட்டச் சிக்கல். நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் டின் விற்காது. 'உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க' என்று சொல்ல வேண்டும். சொன்னேன். விநோத் சார் தூரத்திலிருந்து தலையாட்டினார்.

ஏழு வாரம் கழித்து மறுபடியும் அந்த எஸ்டேட் பக்கம் போனபோது மாரியம்மா பஸ் ஸ்டாண்டில் நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. செல்லத்துரை முதல் வாரத்திலேயே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஒரு நாள் காலையில் டீ டம்ளர் இடது கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை, வாய் கோணிப்போயிற்று. எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோயிருக்கிறார்கள். நல்லவேளை, சீக்கிரம் போனதால் உயிருக்கு ஒன்றுமில்லை. மாரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் அவளோடு லயத்துக்குப் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பளித்ததால்தான் வெள்ளை வந்தது, அது எனக்கு அப்போதே தெரியும் என்றும் சொன்னேன். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, கொப்பளிக்கச் சொல்லாமலே அவர் நாக்கில் வைத்தேன். ரோஜா நிறம் வந்தது, மாரியம்மாவுக்கு வந்த அதே நிறம். அவர் அதை வலது கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குழறலாக, ஆனால் கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ சொன்னபடிதாம்மா கேட்டுக்கிட்டே இருந்தேன். உடம்பு ஒண்ணுமே சொல்லல."

இலவச இணைப்பு

அன்றைக்கே எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் முகாமில் யார் யார் டின் வாங்கினார்கள் என்ற பட்டியலைக் கொடுத்தேன். அவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதப் போவதில்லை. பட்டியலில் இருந்தவர்களில் இன்னும் மூன்று பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மூவர் வீட்டுக்கும் நர்ஸோடு நானும் நடந்து போய், மறுபடி ஆரம்பிக்க வைத்தோம். ஒருவர் என்னைப் படியேற விடவில்லை. பாலக்காட்டு முகாம்களில் வாங்கியவர்களுக்கு நம்பர் இருந்தவரை ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர், நல்லாத்தானே இருக்கு, ஏன் கெடுக்கறே என்று என்னையே கோபித்துக்கொண்டார்கள்.

பிறகு ஹெட் ஆபீசுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கொப்பளிக்கும் மருந்து கிருமியைக் கொல்கிறது, அதனால் பட்டை வெளுக்கிறது, வெளுப்பதைக் காட்டிப் பொடி விற்கிறோம், மறுபடி கொப்பளித்தால் பொடியும் வீண் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி விளக்கமாக எழுதினேன். ராஜினாமாவையும் அதிலேயே வைத்தேன். உணவு சம்பந்தமான புகார் வாங்கும் ஆபீசில் ஒரு நகல் கொடுத்தேன், கூப்பிட்டு விசாரித்தார்கள், அதோடு சரி. செல்லத்துரை இப்போது கம்பு ஊன்றி ஹால் வரைக்கும் நடக்கிறார். மாத்திரையை மாரியம்மாவே எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள்.

ஹெட் ஆபீஸிலிருந்து பதிலே வரவில்லை. ஆறு மாதம் கழித்து விநோத் சார் போன் செய்தார். இப்போது அவர் ரீஜனல் மேனேஜர். கம்பெனி சொந்தமாக வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டிருக்கிறதாம். ஒரு டின் பொடி வாங்கினால் ஒரு பாட்டில் இலவசம். பாட்டில் இருக்கிற வீட்டில் நாக்கு வெளுத்துக்கொண்டே இருக்கும், டின்னும் போய்க்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "ஐடியா உன்டெ லெட்டர்லேர்ந்துதான் கிடைச்சுது சுதா. உனக்கு நன்றி சொல்லணும்னு மேலிடத்துல எல்லாரும் பறஞ்சாங்க."

ரத்தக்குழாயைத் தளர்த்துகிறேன் என்று மூன்று வருஷம் இரண்டு ஜில்லாவைச் சுற்றியதில், என்னால் கடைசியில் தளர்ந்தது ஜனங்களின் ஜாக்கிரதை ஒன்றுதான்.